வீதி வட்டம், சந்து வட்டம்

கம்பியில்லாமல் இணையம் கொடுப்பதற்கென்றே திருச்சியில் ஒரு வாரியம் இருக்கிறது. காவிரி மண்டலக் கம்பியில்லா இணைப்பு வாரியம் என்று பெயர். கன்டோன்மென்டில் நாலு மாடிக் கட்டடம். உள்ளே நுழைந்தால் கால் வைக்கிற இடமெல்லாம் கம்பி. தடுக்கி விழுகிறவர்களுக்கு மருந்து போடத் தரைத்தளத்தில் தனி அறையே வைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போக முடிகிறவர் புண்ணியவான். ஸ்ரீரங்கத்து நல்லுசாமிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருக்கு இணைப்பு வேண்டியிருந்தது.

நல்லுசாமி படம் வரைகிறவர். சாமி படமோ சினிமா படமோ இல்லை, குழாய்ப் படம். எந்தக் குழாய் எங்கே வளைய வேண்டும், எதோடு போய்ச் சேர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பார். மீசை முளைத்த நாளிலிருந்து துவாக்குடிப் பட்டறை ஒன்றில் இதுதான் வேலை. ஆர்டர் வருவது குறைந்தது, அப்புறம் நின்றது, போன ஆடியில் பட்டறை வாசலில் பூட்டு தொங்கியது. அதற்குப் பிறகு அவர் மனைவி வள்ளிக்கண்ணு தைக்கிற ஜாக்கெட்டுகளில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. நாற்பத்தெட்டு வயசு ஆளை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? மச்சான் ஒருத்தன்தான் கூப்பிட்டான். ஓசூரில் ஒரு குடோனுக்குக் காவல் வேலை, அங்கேயே தங்கிக்கொள்ள வேண்டும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வந்து போகலாம் என்றான். அன்றைக்கு நல்லுசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு கப்பல் கம்பெனி பதில் போட்டது. கப்பலுக்குள் ஓடும் குழாய்களை வரைய ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே வரையலாம். வியாழக்கிழமை காலை பத்தரைக்குத் தேர்வு. வீட்டுக் கம்ப்யூட்டரில், வீட்டு இணைப்பில், தினமும் வேலை செய்யப்போகிற அறையிலேயே உட்கார்ந்துதான் எழுத வேண்டும். செல்போன் இணைப்பு செல்லாது, வெளியே கடையில் போய் உட்காருவதும் செல்லாது. வயது வரம்பு நாற்பத்தெட்டு. நல்லுசாமிக்கு அடுத்த மாதம் நாற்பத்தொன்பது பிறக்கிறது. இந்த வியாழன் கை நழுவினால் ஓசூர்தான்.

"ஏங்க, ஒரு வைஃபை பெட்டி மாட்டறது என்ன மலையைப் புரட்டற வேலையா? போய்ச் சொல்லிட்டு வாங்க, நாளைக்கே வந்து மாட்டிட்டுப் போயிருவாங்க" என்றாள் வள்ளிக்கண்ணு. பாவம், வாரியத்தைப் பற்றி அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

வேறு கம்பெனியிடம் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அவர்கள் வாடகைக்குக் குடியிருந்தது சித்திரை வீதியில். தேர் ஓடுகிற வீதி. கண்டவரும் கம்பி இழுக்க விடுவதில்லை. கம்பங்களெல்லாம் வாரியத்துக் கம்பங்கள், வாரியத்தைத் தவிர அதில் காக்கைக்கு மட்டும்தான் உரிமை.

வாரியத்தின் ஸ்ரீரங்கம் கிளையில் முதலில் பார்த்தது வீதி வட்ட அலுவலர் ஸ்ரீரங்கராஜனை. நெற்றியில் பளிச்சென்று திருமண், மேஜையில் பளிச்சென்று ஒன்றுமில்லை. நல்லுசாமி விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நல்லுசாமி இருமிப் பார்த்தார்.

"கேட்டுண்டுதான் இருக்கேன்" என்றார் ஸ்ரீரங்கராஜன். "உத்தியோகம்கறது புருஷ லட்சணம். அதுக்கு ஒரு இடைஞ்சல் வர அடியேன் விடுவேனா? இன்னிக்கே ஆளை அனுப்பறேன்."

சொன்னபடி அன்றைக்கே ஆள் வந்தது. ஹாலித் என்கிற டெக்னீஷியன். வந்தவன் வாசல் கூடத்துச் சுவரில் பெட்டியை மாட்டினான். கம்பத்திலிருந்து கம்பியை இழுத்துப் பெட்டியில் செருகினான். கம்பியில்லா இணைப்புக்குக் கம்பி எதற்கு என்று வள்ளிக்கண்ணு கேட்டதற்கு, "அதெல்லாம் பெட்டிக்கு முன்னாடி வர்ற கம்பிங்க, கணக்குல வராது" என்றான். எல்லாம் முடிந்து சுவிட்சில் கை வைக்கப் போனவன், "கம்ப்யூட்டர் எங்கே இருக்கு?" என்றான்.

ஸ்ரீரங்கத்து வீடுகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். வாசல் வீதியில் இருக்கும். உள்ளே கூடம், முற்றம், ரெண்டாங்கட்டு, சமையல்கட்டு என்று ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். கொல்லைக் கதவைத் திறந்தால் வேறொரு சந்தில் நிற்போம். நல்லுசாமியின் கம்ப்யூட்டர் கொல்லைப்பக்கத்து அறையில் இருந்தது. முன்கூடத்தில் வள்ளிக்கண்ணுவின் தையல் மிஷினும் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வரும் பெண்களும் இருப்பார்கள். அங்கே உட்கார்ந்து ஆம்பளை என்ன வேலை பார்ப்பது?

ஹாலித் கொல்லை அறையைப் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது. பையிலிருந்து டேப்பை எடுத்து வாசற்படியிலிருந்து கொல்லைப்படி வரை அளந்தான். அப்புறம் முற்றத்தின் நடுவில் மண்டியிட்டு, சாக்பீஸால் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஒரு கோடு போட்டான்.

"என்னப்பா இது?" என்றார் நல்லுசாமி.

"எல்லைங்க சார். வீதிப் பக்கம் வீதி வட்டம். சந்துப் பக்கம் சந்து வட்டம். பெட்டி வீதி வட்டத்துல இருக்கு, கம்ப்யூட்டர் சந்து வட்டத்துல இருக்கு. வீதி வட்டத்து அலை இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதுங்க."

"அலை எப்படிப்பா கோட்டைப் பார்த்து நிக்கும்?"

"நிக்காதுங்க. அதனாலதான் ஆன் பண்ணாம போறேன். ஆன் பண்ணா எனக்கு மெமோ குடுத்துருவாங்க."

சுவிட்சின் மேல் ஒரு நாடாவைச் சுற்றி அரக்கு வைத்து முத்திரை குத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டான். நல்லுசாமி கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால் வைத்துக்கொண்டு முற்றத்திலேயே நின்றார். வாடகை வீட்டில் இரண்டு ராஜ்ஜியம் நடப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் காலை நேரே ஸ்ரீரங்கராஜனிடம் ஓடினார்.

"அடடா, முதல்லயே சொல்ல வேண்டாமோ?" என்றார் அவர். "அடியேனோட அதிகாரம் வாசல்லேர்ந்து முற்றத்துப் பாதி வரைக்கும்தான். அதுக்கு மேல பெருமாளே எழுந்தருளிக் கேட்டாலும் அடியேனால ஒரு அலை விட முடியாது. நீர் சந்து வட்டத்தைப் பாரும்."

"அது எங்கேங்க இருக்கு?"

ஸ்ரீரங்கராஜன் முதுகுப்பக்கம் கட்டைவிரலைக் காட்டினார். அவருக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ. பீரோவுக்கு அந்தப் பக்கம் யாரோ போனில் பேசும் சத்தம் கேட்டது. நல்லுசாமி பீரோவைச் சுற்றிப் போகக் காலை எடுத்து வைத்தார்.

"ஓய்! ஓய்! எங்கே போறீர்? அது சந்து வட்டம். சந்து வழியாத்தான் போகணும்."

கிளையலுவலகமும் அவர் வீட்டைப் போலவே நீள வீடுதான். நல்லுசாமி வீதியில் இறங்கி, தெருக்கோடி வரை நடந்து, திரும்பி, சந்துக்குள் புகுந்து, குப்பைத் தொட்டிகளையும் இரண்டு மாடுகளையும் கடந்து, பின்வாசல் வழியே அதே கூடத்துக்குள் வந்தார். பங்குனி வெயிலில் சட்டை நனைந்துவிட்டது. அதே பீரோ. அதே மின்விசிறி. இந்தப் பக்கம் சந்து வட்ட அலுவலர் லூர்துராணி உட்கார்ந்திருந்தார். பீரோவுக்கு மேலே ஒரு கை நீண்டு ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்தது. லூர்துராணி வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்றார்.

"மேடம், இப்பத்தான் அந்தப் பக்கம் சாரைப் பார்த்துட்டு வர்றேன்..."

"எந்த சாரு?" என்றார் லூர்துராணி. "வீதி வட்டத்துக்கும் எங்களுக்கும் எழுத்து மூலமாத்தான் போக்குவரத்து. ஊறுகாய் வேற, ஃபைல் வேற. உங்க மனு வாசல் வழியா வந்திருக்கு. சந்து வட்டத்துக்கு வாசல்னு ஒண்ணு கிடையாதுங்களே. அதனால அது எனக்கு வந்ததாவே கணக்கில்லை."

"இப்ப நான் என்னங்க செய்யறது?"

"அவரு கன்டோன்மென்டுக்கு அனுப்பணும். கன்டோன்மென்ட்ல பார்த்துட்டு எனக்கு அனுப்புவாங்க. நான் பார்த்துட்டு எனக்கு ஆட்சேபணை உண்டுன்னு எழுதி அனுப்புவேன்."

"ஆட்சேபணை எதுக்குங்க?"

"முதல் தடவை எழுதித்தான் ஆகணும். இல்லைன்னா படிச்சுப் பார்க்கலைன்னு நினைப்பாங்க சார்." அவர் குரலில் உண்மையான கனிவு இருந்தது. "கவலைப்படாதீங்க, சித்திரைத் தேருக்குள்ள முடிஞ்சிரும்."

வியாழன் வருவதற்கு நடுவில் ஒரே ஒரு புதன்தான் இருந்தது. நல்லுசாமி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் வள்ளிக்கண்ணு கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அவங்க அலை இங்க வரக் கூடாதுன்னா, நம்ம கம்ப்யூட்டரு அங்க போகட்டுமே. தூக்குங்க ஒரு பக்கம்."

நல்லுசாமிக்கு அந்த நிமிஷம் கண் திறந்த மாதிரி இருந்தது. தையல் மிஷினை ஓரமாகத் தள்ளினார்கள். இரண்டு பேரும் கம்ப்யூட்டரை மேஜையோடு தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டது, ஆனாலும் மனசு லேசாக இருந்தது. ஹாலித்துக்குப் போன் போட்டார். ஹாலித் வரவில்லை. புதன்கிழமை காலை அலுவலர்கள் இருவருமே வந்து சேர்ந்தார்கள்; ஸ்ரீரங்கராஜன் வாசல் வழியாக, அவர் வருவதற்கு முன்பே லூர்துராணி கொல்லை வழியாக. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள்.

"பார்த்தீங்களா சார், எங்க கம்ப்யூட்டரைக் கடத்திட்டாங்க" என்றார் லூர்துராணி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. முற்றத்து வானத்தைப் பார்த்துச் சொன்னார். "முந்தாநேத்து ஹாலித் அளந்தப்ப சந்து வட்டத்துல ஒரு கம்ப்யூட்டர் இருக்குன்னு மண்டலத்துக்குச் சொல்லிட்டேன். இந்த வருஷம் எங்க வட்டத்துல இருக்கிறதே அது ஒண்ணுதான்."

"தானா வந்த கம்ப்யூட்டரை அடியேன் எப்படித் திருப்பி அனுப்பறது?" என்றார் ஸ்ரீரங்கராஜன். "சரணாகதின்னு வந்துடுத்து. கைவிட்டா மகாபாவம். அது வீதி வட்டத்திலேயே இருக்கட்டும்."

நல்லுசாமிக்கு உயிர் வந்தது. "அப்ப சுவிட்சைப் போட்டுரலாங்களா சார்?"

"அதெப்படி? இடம் பெயர்ந்த கம்ப்யூட்டர்னா அதுக்கு அலை கொடுக்க வகையில்லையே. பெட்டி மாட்டறதுக்கு முன்னாலயே அது இங்க இருந்திருந்தா வேற."

"அப்ப மறுபடி பின்னாடியே கொண்டு போயிரட்டுங்களா?"

"கொண்டு போனா எங்ககிட்ட இருந்த கம்ப்யூட்டரை வீதிக்குக் கொண்டு போயித் திருப்பிக் கொண்டு வந்தது ஏன்னு நான் கேள்வி கேக்க வேண்டியிருக்கும்" என்றார் லூர்துராணி.

கடைசியில், ஒரு முடிவு வரும்வரை கம்ப்யூட்டர் பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்று இருவரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வாரியத்தில் ஒருமனதாக ஒன்று நடந்தால் அது நமக்கு ஆகாததாகத்தான் இருக்கும். நல்லுசாமியும் வள்ளிக்கண்ணுவும் மேஜையைத் திரும்பத் தூக்கினார்கள். கோட்டைத் தாண்டும்போது நல்லுசாமிக்கு அழுகை வந்துவிட்டது. "சும்மா இருங்க, மேஜை சாயுது" என்று அதட்டினாள் வள்ளிக்கண்ணு. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

மத்தியானம் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துக் கன்டோன்மென்ட் போனார். பஸ் காவிரிப் பாலத்தில் நின்று நின்று ஊர்ந்தது. கீழே ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். ஓசூர் குடோன் வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும் தன்னைத்தானே அவர் அந்த மணலில் பார்த்தார். எந்தச் சாமியைக் கும்பிடுவது என்றுகூடத் தோன்றாமல், வழியில் தென்பட்ட எல்லாக் கோபுரத்தையும் கும்பிட்டார்.

மண்டல மேலாளர் தாயுமானவன் அவரை வரவேற்று உட்காரவைத்தார். காப்பி வந்தது. இத்தனை நாளில் அவரை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நல்லுசாமி எல்லாவற்றையும் கொட்டினார். தாயுமானவனுக்குக் கேட்கக் கேட்கக் கண்கள் மின்னின.

"அற்புதம்!" என்று மேஜையைத் தட்டினார். "நாங்க நாலு வருஷமா இப்படி ஒரு வீட்டைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். இரண்டு வட்டத்தையும் இணைக்கிற முதல் இணைப்பு! வாரியத்தை ரெண்டாப் பிரிச்சதே நான்தாங்க. ஏன் பிரிச்சேன்? பிரிச்சாத்தானே இணைக்க முடியும்? இணைக்கிறதுதானே நம்ம வேலை? ஜனங்களுக்கு இது புரியறதில்லை."

"நாளைக்குப் பத்தரைக்குப் பரீட்சைங்க..."

"நாளைக்கே வெச்சுக்கலாம். ஒன்பது மணிக்குத் துவக்க விழா, உங்க வீட்டுலயே. நானே வந்து சுவிட்சைப் போடறேன். பாதுகாப்புக்கு மட்டும் ஒரு ஏற்பாடு. பாஸ்வேர்டு முதல் பாதி வீதி வட்டத்துக்கிட்ட இருக்கும், மறுபாதி சந்து வட்டத்துக்கிட்ட இருக்கும். ஒருத்தர் பாதியை ஒருத்தர் பார்க்கக் கூடாது. ரெண்டு பேரும் வந்து அடிச்சுக் குடுப்பாங்க. நீங்க கவலையை விடுங்க."

நல்லுசாமி அவர் காலில் விழாத குறை. வீட்டுக்கு வந்ததும் வள்ளிக்கண்ணுவிடம், "கடவுள் மாதிரி மனுஷன்" என்றார். அவள் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வீடு கல்யாண வீடாகிவிட்டது. வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். முற்றத்தில் மைக். கோட்டின் மேலேயே சிவப்பு ரிப்பன். வீதி வட்ட ஊழியர்கள் ஒரு பக்கமும் சந்து வட்ட ஊழியர்கள் மறுபக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு பேர் வாரியத்தில் வேலை பார்ப்பதே ஊருக்குத் தெரியாது. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் கொண்டுவர மறந்துவிட்டார்கள் என்பதால் வள்ளிக்கண்ணுவின் கத்தரிக்கோலை வாங்கித் தாம்பாளத்தில் வைத்தார்கள்.

தாயுமானவன் மட்டும் வரவில்லை. உறையூரில் இன்னொரு துவக்க விழாவாம். நல்லுசாமி கொல்லை அறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். ஒவ்வொரு தடவையும் ரிப்பனுக்கு அடியில் குனிந்து போக வேண்டியிருந்தது. பத்து மணிக்கு மேலாளர் காரில் வந்து இறங்கினார். மாலை போட்டார்கள். நல்லுசாமி மூச்சு விட்டார். தாயுமானவன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் ஸ்ரீரங்கராஜன். சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தபடி நின்றிருந்தார். நல்லுசாமி வீட்டு நாள்காட்டிதான். "நல்ல நேரம் பத்தே முக்காலுக்குன்னா ஆரம்பம்?"

"ஆமாங்க சார், நானும் பார்த்தேன்" என்றார் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து லூர்துராணி. ஊறுகாயைத் தவிர வேறு விஷயத்தை இரண்டு வட்டமும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான். கூட்டம் கைதட்டியது.

"சார், பத்தரைக்குப் பரீட்சை. பத்தே முக்காலுக்கு மேல உள்ளயே விட மாட்டாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று நல்லுசாமி கையைக் கூப்பினார்.

தாயுமானவன் அவர் தோளில் கை போட்டு மைக்குக்கு அழைத்துப் போனார். "பாருங்கள், இந்த எளிய மனிதரின் ஆர்வத்தை! இணைப்புக்காக ஒரு குடிமகன் எப்படித் துடிக்கிறான்! இந்தத் துடிப்பை உண்டாக்கியது யார்? நம் வாரியம். வந்தவுடனே கொடுத்துவிட்டால் இந்தத் துடிப்பு வருமா? கேட்டவுடன் கிடைக்கும் பொருளுக்கு மதிப்பு உண்டா? மதிப்பைக் கூட்டுவதற்காகத்தான் நாம் இரவு பகலாக உழைக்கிறோம். இவருக்கும் உலகத்துக்கும் நடுவே இன்று ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது. அந்தக் கோட்டைப் போட்டதும் நாம்தான், அழிக்கப்போவதும் நாம்தான்!"

கைதட்டல் நிற்கவில்லை. கடிகாரமும் நிற்கவில்லை. பத்தரை ஆகி அதற்கு மேலும் ஓடியது. நல்லுசாமி மைக்குக்குப் பக்கத்தில் கூப்பிய கையோடு அழுதார். போட்டோக்காரர் அதை மூன்று கோணத்தில் எடுத்தார்.

வள்ளிக்கண்ணு அதுவரை தூணோரமாக நின்றிருந்தாள். மெல்ல வந்து தாம்பாளத்திலிருந்த தன் கத்தரிக்கோலை எடுத்தாள். நேரே பெட்டியிடம் போனாள். அரக்கு முத்திரையை நாடாவோடு ஒரே வெட்டு. சுவிட்சைப் போட்டாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"ஐயையோ, நேரம் ஆகலையே!" என்று பதறினார் ஸ்ரீரங்கராஜன். ஹாலித் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் தாயுமானவன் சும்மா மேலாளர் ஆகிவிடவில்லை. "பொதுமக்களே திறந்து வைத்த முதல் இணைப்பு!" என்று மைக்கில் முழங்கினார். மறுபடி கைதட்டல்.

நல்லுசாமி ரிப்பனை அறுத்துக்கொண்டு கொல்லை அறைக்கு ஓடினார். பின்னாலேயே ஸ்ரீரங்கராஜனும் லூர்துராணியும் ஓடிவந்தார்கள், பாஸ்வேர்டு அவர்களிடம்தானே. லூர்துராணி கண்ணை மூடிக்கொள்ள, ஸ்ரீரங்கராஜன் ஒற்றை விரலால் தன் பாதியை அடித்தார். பிறகு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள, லூர்துராணி தன் பாதியை அடித்தார். அவர்களுக்குப் பின்னால் தாயுமானவன், அவருக்குப் பின்னால் மாலை தூக்கிகள், போட்டோக்காரர், வாசல் நிறைய ஊழியர்கள்.

கிடைத்துவிட்டது! திரையில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. கடைசி நிமிஷம்.

"வணக்கம் மிஸ்டர் நல்லுசாமி. எங்கே வராம போயிடுவீங்களோன்னு நெனச்சேன்" என்றாள் அந்தப் பெண். சிரித்த முகம். "உங்க பழைய படங்களெல்லாம் பார்த்தோம் சார், ரொம்ப நல்லா இருக்கு. தேர்வு ஒரு சம்பிரதாயம்தான். ஆரம்பிக்கலாமா?" அப்புறம் அவள் புருவம் சுருங்கியது. "சார், ரூம்ல உங்களைத் தவிர யாரும் இருக்கக் கூடாதே? யார் இவங்கள்லாம்?"

"இதோ போயிருவாங்க மேடம், இதோ... சார், மேடம், தயவு பண்ணி வெளிய போங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"அதுக்கென்ன, போறேனே. அவா போனா நானும் போறேன்" என்றார் ஸ்ரீரங்கராஜன்.

"அவரு முதல்ல போகட்டும்" என்றார் லூர்துராணி. "நான் போயிட்டா இணைப்பு முழுசும் வீதி வட்டத்துக்கிட்ட இருக்கற மாதிரி ஆயிடும். அப்புறம் நான் மண்டலத்துக்குப் பதில் சொல்லணும்."

"எல்லாரும் போங்கய்யா!" என்று வள்ளிக்கண்ணு கத்தினாள். போட்டோக்காரரைப் பிடித்து வெளியே இழுத்தாள். அந்த இடத்தில் வேறு ஒருவர் வந்து நின்றார்.

"சார், ரூல்ஸ் சார். நான் ஒண்ணும் பண்ண முடியாது. இதெல்லாம் ரெக்கார்டு ஆகுது" என்றாள் திரையிலிருந்த பெண். அவள் குரல் இறங்கிவிட்டது.

அப்போது நல்லுசாமியின் தோளுக்கு மேலாக ஒரு தலை நீண்டது. கழுத்தில் ரோஜா மாலை. "வணக்கம்மா!" என்றார் தாயுமானவன் திரையைப் பார்த்து. "கப்பல் கம்பெனிதானே? நான்தான் இந்த இணைப்பைக் கொடுத்த மண்டல மேலாளர். எங்க வாரியத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை..."

"மன்னிச்சிருங்க மிஸ்டர் நல்லுசாமி" என்றாள் அந்தப் பெண், தாயுமானவனுக்குப் பின்னால் தெரிந்த ஒரு துண்டு நெற்றியைப் பார்த்து. "அறையில வெளியாட்கள் இருந்ததால உங்களைத் தேர்வுலேர்ந்து நீக்க வேண்டியிருக்கு. வயசு வரம்பு இருக்கறதால அடுத்த தடவையும் கூப்பிட முடியாது. சாரி சார்." திரை கறுத்தது.

நல்லுசாமி அசையவில்லை. வள்ளிக்கண்ணு கதவில் சாய்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வெளியே பொட்டலம் விநியோகம் ஆரம்பித்துவிட்டது, லட்டும் மிக்சரும். பத்தே முக்கால் ஆகிவிட்டதாக யாரோ சந்தோஷமாகச் சொன்னார்கள்.

"அவங்களுக்கு நேரமில்லை போல" என்றார் தாயுமானவன், மாலையைச் சரிசெய்துகொண்டு. மைக்கை உள்ளே கொண்டுவரச் சொல்லி நல்லுசாமியின் வாய்க்கு நேரே பிடித்தார். போட்டோக்காரர் மறுபடி நுழைந்து கேமராவைத் தூக்கினார். "சொல்லுங்க நல்லுசாமி. முதல் பயனாளி நீங்க. நம்ம இணைப்பு எப்படி இருந்துச்சுன்னு ஜனங்களுக்குச் சொல்லுங்க."

நல்லுசாமி மைக்கைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார். "எனக்கு வேலை இல்லைன்னு அந்தப் பொண்ணு சொன்னது ஒரு எழுத்து விடாம, தெளிவா கேட்டுச்சுங்க."

முற்றத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் கைதட்டினார்கள்.